துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு கையேடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபத்தோடு எழுதுவதால் கையெழுத்து இன்னும் மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நாங்கள் கட்டி அடுக்கிய துப்பாக்கிப் பெட்டிகள் மூன்று மாதமாகக் கிடங்கிலேயே கிடக்கின்றன. ஏற்றுமதி உரிமம் உங்கள் அலுவலகத்தில் தூங்குகிறதாம். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது எங்கள் பேக்கிங் பிரிவுதான். "உங்க அக்கா அங்கதானே இருக்காங்க? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுப்பா" என்று மேனேஜர் தினமும் பிடுங்கி எடுக்கிறார். என் வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாதம். சொல்வாயா?

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

சொல்ல மாட்டேன். உன் தொழிற்சாலையின் ஃபைல் என்று தெரிந்த அன்றே அடுத்த மேசை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அது முடியும்வரை நீ இங்கே வராமல் இருப்பதும் நல்லது. இதை எழுதக் கை வரவில்லையடா.

வாங்குகிறவர் சொன்ன இடத்துக்குத்தான் துப்பாக்கி போகிறதா என்று பார்ப்பதே எங்கள் வேலை. பின்வாசல் வழியாக அது சண்டை நடக்கும் நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று பல நாட்டுத் தூதர்கள் இரண்டு வருடம் மல்லுக்கட்டிப் போட்ட ஒப்பந்தம். அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுத்தே என் விரல் வீங்கிப்போனது. தம்பிக்காக அதை வளைக்க முடியாது.

அவளை மாடிப்படி ஏறவிடாதே.

அக்கா

மார்ச் 29

அக்கா,

"வராதே" என்றாயே, இரண்டு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அதற்காக வீட்டில் வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

நேற்று பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் துப்பாக்கிக் கையேட்டை எடுத்துவிட்டு, புதிதாக வந்த கையேட்டை வைக்க வேண்டுமாம். பெட்டிமேல் நானே ஒட்டிய முகவரி ஒரு நாட்டுடையது. புதிய கையேட்டின் மொழி வேறு நாட்டுடையது. தினமும் செய்தியில் சண்டை காட்டுகிறார்களே, அந்த நாடு. மேனேஜரிடம் கேட்டேன். "வைக்கச் சொன்னா வை. உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். என்னால் வைக்க முடியவில்லை.

அந்தப் புதிய கையேட்டில் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்துவிடு. பின்னட்டையில் என் பெயரும் பிரிவும் எழுதியிருக்கிறேன். எனக்கு வேலை போய்விடும், தெரியும். வீட்டுக்காரியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே உறையில் தபால்தலை ஒட்டினாள்.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா.

ஃபைல் முடிந்ததும் எழுது. மூன்று பேராக வருகிறோம்.

உன் தம்பி