இடது காலுக்கு ஒரு வேலை

இன்று காலை வண்ணார்பேட்டையில் ஒரு மரக்கடையைக் கடந்தபோது பச்சை மருதம் அறுபடும் துவர்ப்பு வாசனை வந்தது. நின்றுவிட்டேன். சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து இரும்புச் சாமான் வருவதில்லை என்று கடைக்காரர் குறைபட்டுக்கொண்டிருந்தார். நீர் உயிரோடு இருந்தால் சிரித்திருப்பீர், ஆசாரி. மரத்தைப் பிடிக்க இரும்பு வேண்டும் என்று ஒரு காலத்தில் நாமும் நினைத்தோம்.

நீர் உத்தரம் ஏற்றும்போது விழுந்து, வலது முழங்கால் மடங்காமல் போன வருஷம் அது. பாளையங்கோட்டையில் நாம் அடுத்தடுத்த வீடு. வைத்தியர் எலும்பைச் சேர்த்துவிட்டார். கால் நீட்டியபடியே நின்றுவிட்டது. நம் ஊரில் தச்சுவேலை தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. கைகள் உளியும் கொட்டாப்புளியும் பிடித்திருக்க, மரத்தைப் பிடித்துக்கொள்வது கால்தான். உட்கார முடியாத ஆசாரி இனி ஆசாரி இல்லை என்று ஊர் முடிவுசெய்தது. தூத்துக்குடிப் பஞ்சுக் கிட்டங்கியில் வேலைபார்த்த உம் மைத்துனன், அங்கே காவலுக்கு உம்மைச் சொல்லிவைத்து, தைப்பூசம் கழிந்ததும் அழைத்துப்போக வருவதாகச் செய்தி அனுப்பினான்.

"முழிச்சுக்கிட்டு கெடந்தாப் போதுமாம் வே," என்றீர்.

உள்ளேயிருந்து உம் மனைவி இசக்கியம்மாள், "அதுவாவது முடியுமான்னு கேளுங்க அண்ணாச்சி. வெளக்கு வச்சதும் கொறட்டை," என்றார்.

நீர் சிரிக்கவில்லை. உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தீர்.

மிஷன் தொழிற்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் உயரமான மேசைமுன் நின்றுகொண்டே தச்சுவேலை செய்வதை, என் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது பார்த்திருந்தேன். அதைச் சொன்னதும் உளிகளைக் கீழே வைத்தீர். மறுநாளே வண்டி பிடித்தோம். பள்ளியில் நான் கயிற்றால் மேசையை அளந்தேன். நீர் அடியில் கைவிட்டுக் கால்கள் பொருந்தியிருந்த விதத்தைத் தடவிப் பார்த்தீர். ஓரத்தில் திருகினால் மரத்தைக் கவ்வும் சீமை இரும்புப் பிடி ஒன்று இருந்தது. "இது என்னவே, இரும்புக் காலா?" என்று கேட்டீர். அதன் விலையைக் கேட்காமலே திரும்பினோம்.

உமக்கு மேசை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதில் எனக்கிருந்த ஆவல் உமக்கும் இருந்தது. உரலைக் கவிழ்த்து அதன்மேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி இழைப்புளியைத் தள்ளிப் பார்த்தீர். கூடினால் தோள் இழுத்தது, குறைந்தால் இடுப்பு. தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதற்கு ஒரு விரல் மேலே ஒத்துவந்தது. மேல்பலகை மருதம், கால்கள் வேம்பு. செய்து முடிக்கும்வரை மரத்தைப் பிடித்தது நான். "லேசாப் பிடியும் வே, அது ஓடிராது," என்று எத்தனை முறை வைதீர்!

மேசை நின்றது. பள்ளியில் இருந்ததுபோலவே எதிர் விளிம்பில் ஒரு தடுப்புக் கட்டை அடித்திருந்தோம். இழைத்தீர், பலகை அசையவில்லை. ரம்பத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தீர். பலகை வழுக்கி வந்து உம் வயிற்றில் இடித்தது.

"மரம்லா உங்களத் தேடி வருது!" என்று இசக்கியம்மாள் சிரித்தார்.

பள்ளியின் ரம்பம் தள்ளும்போது அறுப்பது. உம்முடையது இழுக்கும்போது அறுப்பது. மேசையை அத்தனை அளவெடுத்த நாம் ரம்பத்தின் பல்லைப் பார்க்கவில்லை. தடுப்பை உம் பக்கம் மாற்றினால் இழைக்கும்போது மரம் அந்தப் பக்கம் ஓடியது. முன்பு தரையில் இரண்டு பக்கமும் பிடித்தது உம் கால் ஒன்றுதான்.

"போதும்வே. தூத்துக்குடியிலயும் காத்து அடிக்கத்தான செய்யுது," என்றீர். ஆனாலும் அறுப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் உம் இடது பாதத்தின் விரல்கள் மடங்கி மண்ணைக் கவ்வின. அங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. நான் அதைச் சொன்னேன். குனிந்து பார்த்தீர்.

"இங்கன என்ன செய்யுது இது?" என்று உம் காலையே கேட்டீர்.

மறுநாள் நான் வந்தபோது மேல்பலகையில் இரண்டு துளைகள். ஒன்றின் வழியே ஏறிய கயிறு மரத்தின்மேல் படிந்து மற்றதன் வழியே இறங்கியது. கீழே இரு முனைகளும் ஒரு மிதிகட்டையில் கட்டப்பட்டிருந்தன. விறைத்த வலது கால் தூணாக நிற்க, இடது கால் மிதித்தது. மிதித்தால் மரம் இறுகியது, விட்டால் தளர்ந்தது. இழைத்தீர், இழுத்தீர், மரம் நின்ற இடத்தில் நின்றது.

மைத்துனன் வந்தபோது அறுத்துக்கொண்டிருந்தீர். "அத்தான், வண்டிக்காரன் நிக்கான்."

"பைய வாரேன். இந்தப் பலகை முடியட்டும்."

அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தீர். அவன் மேசையைச் சுற்றிவந்து குனிந்து கயிற்றைப் பார்த்தான், உம் காலைப் பார்த்தான். இசக்கியம்மாள் இலையைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏலே, சாப்பிட்டுட்டு நீ மட்டும் கெளம்பு."

கடைசிக் காய்ச்சல் வரும்வரை நீர் அந்த மேசையில்தான் நின்றீர். எனக்கோ ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வேலையைப் பார்க்கப் போனாலும் கையைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிறேன். போன மாதம் உவரியில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி முடைந்துகொண்டிருந்தார். கிழிசலின் ஓரம் நெருங்கியதும் வலையை மற்றக் காலுக்கு மாற்றினார். ஒவ்வொரு ஓரத்துக்கும் மாற்றினார். ஏன் என்று கேட்டேன். "அப்படியா செய்யுதேன்?" என்று அவரும் குனிந்து பார்த்தார்.

காரணம் எனக்குப் பிடிபடவில்லை. உவரியைப் பற்றிய செய்தியை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். மறுபடி போகவேண்டும்.