நடுவில் விட்ட வெள்ளை

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். ஜாஸ்மி கோட்டாற்றிலிருந்து ஆட்டோவில் வந்து, தன் மை ஓவியத்தை என் வீட்டுக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். விற்கப்போகிறாளாம். ஓவியக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் பூச்சாடி வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் விடாமல் வரைந்துகொண்டே இருக்கிறாள்.

உருவம் என்று எதுவும் இல்லை. நனைந்த தாளில் பரவிய கருப்பு. அதன்மேல் தென்னை ஈர்க்கிலால் சில வீச்சுகள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை. நானாக இருந்தால் பயந்துபோய் அதையும் நிரப்பியிருப்பேன்.

"ஒண்ணாவது வித்துக் காட்டணும்ட்டி. தாளுக்கு மை குடிக்கக் குடுக்கான்னு எனக்க வீட்டுக்காரரு சொல்லிச் சிரிக்காரு. நீ என்ன, வாயே தொறக்கல்ல?"

தாள் எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

ஜூலை 15

வகுப்பில் காரணமில்லாமல் பிள்ளைகளைத் திட்டினேன். நாள் முழுக்க அந்த வெள்ளை.

ஜூலை 20, சனி

இரணியலிலிருந்து சித்தப்பா மகள் சுஜா பேசினாள். பால் காய்ச்சிக் குடிபோகப்போகிற புது வீட்டு முன்னறைக்கு, போனில் பார்த்த ஜாஸ்மியின் படத்தைக் கேட்டிருக்கிறாளாம்.

"எனக்கு ஒண்ணும் மனசிலாகல்லக்கா. ஆனா கண்ணெடுக்க முடியல்ல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. வாங்கட்டா?"

கண்ணெடுக்க முடியவில்லையாம். என் படத்தைப் பார்த்து யார் அப்படிச் சொன்னார்கள்? சொல்வதற்கு என் படம்தான் எங்கே இருக்கிறது?

"பால்காய்ப்பு வீட்டுல முழுசும் கருப்பா, சுஜா? உனக்க மாமியாரு ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

அவ்வளவுதான் சொன்னேன். ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிற நான் — அதைத்தான் சொன்னேன். எதற்கு? தெரியும் எதற்கென்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜாஸ்மி போனில். கருப்பு ஆகாது என்று சுஜாவின் மாமியார் ஒரே பிடியாய் நிற்கிறாராம். நடுவில் கொஞ்சம் சிவப்பு போட்டால் எடுத்துக்கொள்வார்களாம்.

"போடட்டா இந்து? நீ வேண்டாம்னா வேண்டாம்."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"உனக்க இஷ்டம்" என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சுஜா வீட்டுப் பால்காய்ப்பு. முன்னறையில், நல்ல வெளிச்சத்தில், ஜாஸ்மியின் படம். வெள்ளை இருந்த இடத்தில் வட்டமாய்ச் சிவப்பு. கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கிறது என்றார் ஒருவர். அதற்குப் பிறகு எல்லோருக்கும் கடல் தெரிந்தது, பாறை தெரிந்தது, படகுகூடத் தெரிந்தது. ஜாஸ்மியின் வீட்டுக்காரர் முன்னால் நின்று செல்பி எடுத்தார். "எனக்க வீட்டுக்காரி வரச்சதாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜாஸ்மி பாயசக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"கொள்ளாம் மக்கா. நல்லாருக்கு."

அன்று என் வீட்டுக் கூடத்தில் வராத வார்த்தை, எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.