தோன்றா எழுவாய்

திங்கள், காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதை அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. நீயாவது நலமாக இரு.

உன் அக்காவின் கால் எப்படி இருக்கிறது என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் அவளே முந்திக்கொண்டு "பரவாயில்லடா" என்று சொல்லிவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பாய். என் கைபேசியில் வருவதை எனக்கு முன்னால் படிப்பவள் அவள்தான். அதனால் பழைய வழிக்கே வந்துவிட்டேன்.

தையல் மிஷினின் பெடல் கிழித்த புண்ணுக்கு இது நான்காவது மாதம். ஆறு மருந்துகளில் ஐந்து வேலை செய்யாது என்று பரிசோதனை அறிக்கை வந்தது உனக்கே தெரியும். ஆறாவது மாத்திரைதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஒன்று, மாலை ஒன்று, பதினான்கு நாள். இன்று எட்டாவது நாள். அவள் வெளியே போனபிறகு டாக்டர் என்னை மட்டும் நிறுத்தி, "இதுவும் கேக்கலன்னா விரலை எடுக்கிறதோட நிக்காது சார்" என்றார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நான் அவள் தைக்கும் அறைக்குள் நுழைந்தபோது கிராம்பு மணம் அடித்தது. பல் வலிக்கு வைப்போமே, அதே மணம். நூல்கண்டுப் பெட்டிக்குப் பின்னால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். இது என்ன என்று கேட்டேன். "துணியில பூச்சி வராம இருக்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருடத்தில் இந்த வீட்டுத் துணிக்குப் பூச்சி வந்து நான் பார்த்ததில்லை.

வாரம் ஒருமுறை கிளினிக்கில் நர்ஸ் கட்டு மாற்றுகிறாள். மற்ற நாட்களில் இவளே கதவைத் தாழிட்டுக்கொண்டு மாற்றிக்கொள்கிறாள். பழைய பஞ்சைச் செய்தித்தாளில் சுற்றி, அந்தக் காலோடு தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை அவளே நடக்கிறாள். நான் கை நீட்டினால், "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, போய்ப் பேப்பர் படிங்க" என்கிறாள்.

முப்பத்தொரு வருடம் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நடந்தவன் நான். காப்பி அடிப்பவனைப் பிடிக்க அவன் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அவனுக்குத் தாளைத் தள்ளிவிட்டவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுக்குத்தான் காது சிவக்கும்.

ஆகவே உன்னைப் பார்க்கிறேன், மாப்பிள்ளை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் மேல் செடிகொடிகளின் எண்ணெயைச் சொட்டிப் பார்ப்பதுதான் உன் வேலை. நீ அனுப்பிய, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டின் படத்தை மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வருபவர்களிடமெல்லாம், "எங்க தம்பி ஒரே ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் வெச்சான். சுத்தி ஒரு கிருமி இல்ல பாருங்க, பொத்தான் அளவுக்கு வெட்டின மாதிரி வட்டம்" என்று காட்டுகிறாள். போன மாதம் உன்னிடமிருந்து வந்த பார்சலை அவள் தனியாகத்தான் பிரித்தாள். கத்தரிக்கோல் என்றாள். நான் பார்த்ததும் கத்தரிக்கோல்தான். அதற்குக் கீழே என்ன இருந்தது?

நீ அனுப்பியிருந்தால் சொல்லிவிடு. திட்டுவதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் தட்டில் நடப்பது காலிலும் நடக்கும் என்று நீ நம்புகிறாயா? அதை மட்டும் எழுது. போன் செய்யாதே. போனில் பேசினால் அக்காவும் தம்பியும் ஒரே குரலில் பேசுவீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மாமா


வெள்ளி, பிற்பகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கோபமாக எழுதியிருக்கிறாய். எழுது, அந்த உரிமை உனக்கு உண்டு. "என்னையும் காப்பி அடிக்கிறவனாவே பாக்குறீங்களே மாமா" என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

நீ விளக்கியது புரிந்தது. தட்டில் எண்ணெயும் கிருமியும் மட்டும் இருக்கின்றன, காலில் சதையும் ரத்தமும் இருக்கின்றன, கிருமியைக் கொல்லும் அளவு எண்ணெய் சதையையும் எரிக்கும். கொசுவை அடிக்கச் சுவரை இடிக்க முடியாது என்று வகுப்பில் சொல்லியிருப்பேன். உங்கள் எண்ணெய் மருந்தாக வர இன்னும் பல வருடம் ஆகும், வராமலும் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு நேர்மையாக எழுதுகிறவன் திருட்டுத்தனமாகக் குப்பி அனுப்ப மாட்டான் என்று பாதி நம்பினேன். மீதிப் பாதிக்காகத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "அம்மா மூணாவது பாட்டில் வாங்கிட்டாங்க சார். அவங்க பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆகவே உன் மேல் குற்றமில்லை. மன்னித்துவிடு.

ஆனால் சந்தேகம் சிவப்பு மை மாதிரி. ஒரு பக்கத்தில் சிந்தினால் அடுத்த பக்கத்திலும் ஊறிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். இன்று பன்னிரண்டாவது நாள். ஐந்து மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். பதினாறு இருக்கின்றன.

எண்ணெயை நம்பி மாத்திரையை விட்டுவிட்டாளா? காலையும் மாலையும் தண்ணீர் டம்ளரோடு அடுக்களைக்குள் போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்காக நடந்த நடையா அது? முப்பத்துநான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளைப் பற்றி இப்படி எழுத எனக்கே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கேட்டால் மழுப்பிவிடுவாள். நீ கேள். மாத்திரை என்ன ஆயிற்று என்று நேராகக் கேள். உன்னிடம் பொய் சொன்னால் அவளுக்கு இருமல் வரும். சின்ன வயதில் உன் பென்சிலை எடுத்துவிட்டு இல்லை என்று சொல்லி இருமி மாட்டிக்கொண்ட கதையை நீதான் எனக்குச் சொன்னாய். கடிதத்தை இன்றே கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.

கவலையோடு,
மாமா


புதன், காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிறன்று அவள் இருமவில்லை.

நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். "போடாம எங்கடா போனேன்? ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறேன். நீதானே சொன்ன, அஞ்சு மருந்துக்கும் பழகிடுச்சுன்னு? இந்த ஒண்ணுக்கும் உடம்பு பழகிட்டா அப்புறம் எதைடா போடுறது?" என்று உன்னையே அதட்டினாள். எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சிக்கனமாகச் சொன்னாள்! நல்ல துணி என்பதால் பார்த்துப் பார்த்து வெட்டுகிறவள் மாதிரி. நீ, "உடம்பு இல்லக்கா, கிருமிக்கா! கிருமி பழகிடுச்சு!" என்று கத்தினாய்.

வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாமல் நின்றால் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். 'வந்தான்' என்று எழுதி, யார் வந்தது என்று கேட்பேன். 'அவன்' என்று வகுப்பே கத்தும். தோன்றாவிட்டாலும் எழுவாய் இருக்கிறது, கேட்பவருக்குத் தெரியும் என்று முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தேன். அறிக்கை வந்த அன்று நீ போனில் "பழகிடுச்சுக்கா" என்றபோது நானும் அங்கேதான் இருந்தேன். நான் கிருமி என்று போட்டுக்கொண்டேன். அவள் உடம்பு என்று போட்டுக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தலைவலிக்கு மாத்திரை எடுக்கும்போதெல்லாம், "தினமும் போடாதே, பழகிடும்" என்று இந்த வீட்டில் சொன்னது யார்? அவள் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள்.

குப்பியையும் அவளே எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "புண்ணுல தடவல. கட்டு மேல ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். துணி குடுக்க வர்றவங்க மூக்கைச் சுளிக்கிறாங்க. போன வாரம் ஒரு அம்மா ஜன்னலைத் தொறக்கச் சொன்னாங்க" என்றாள். குப்பியின் மூடியை இறுக்கிக்கொண்டே, "நீங்களும் பக்கத்துலதானே படுக்குறீங்க" என்றாள்.

நான் கிராம்பைத்தான் மோந்துகொண்டிருந்தேன், மாப்பிள்ளை. அதற்கு அடியில் என்ன இருந்தது என்று மோந்து பார்க்கவில்லை.

அன்று மாலையிலிருந்து மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். என் எதிரில் வந்து நின்று விழுங்கிவிட்டு, "வாத்தியார் நம்பணுமே" என்று வாயைத் திறந்து நாக்கைக் காட்டுகிறாள்.

திங்களன்று கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை எதையும் சொல்லவில்லை. டாக்டர் பஞ்சில் ஒற்றியெடுத்து மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கையை இன்று காலை நானே போய் வாங்கிவந்தேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். பழைய அறிக்கையில் ஐந்து மருந்துகளுக்கு எதிரே, வேலை செய்யாது என்பதற்கான ஒரே எழுத்து இருந்தது, ஆறாவதற்கு எதிரே மட்டும் வேறு எழுத்து. இதில் ஆறுக்கும் ஒரே எழுத்தாக இருக்கிறது. என் கண்ணாடி பழையது. நீ ஒருமுறை பார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டு ஆள் இன்னொருவரும் கூட இருந்தால் நல்லது என்றார்.

நான் உள்ளே நுழைந்ததும் அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "வந்துடுச்சா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுபடியும் தைக்கிறாள். நல்ல காலால்தான் மிதிக்கிறாள், சத்தத்திலேயே தெரிகிறது.

ஒளித்து வைத்திருக்கிறாய் என்று உன்னைச் சந்தேகப்பட்டேன், பிறகு அவளைச் சந்தேகப்பட்டேன். இப்போது அந்தத் தாள் என் சட்டைப்பைக்குள் இருக்கிறது. சாயங்காலம் அவள் மாத்திரையை விழுங்கி நாக்கைக் காட்டும்போது நான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதையும் கூரியரில்தான் அனுப்புகிறேன், நாளைக் காலை கிடைத்துவிடும். வியாழன் இரவுக்குள் வந்துவிடு. எண்ணெயும் வேண்டாம், பழமும் வேண்டாம், வெறும் கையோடு வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விடாமல், முழு வாக்கியமாக நீ சொல். நான் சொன்னால் இருமுவேன்.

உன் தட்டில் அந்த வட்டம் பெரிதாகட்டும். நீ நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அக்கா வீட்டுக்காரன்,
மாமா