எண்ணெய் காணாத தலைக்கு வந்த சம்பந்தம்

அன்பு மகன் கார்த்திகனுக்கு,

ஆயர் ஈத்தாமிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. பெர்த் குளிரில் நீயும் சுகமாயிருக்க முருகன் துணை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சிம்பாங் அம்பாட் போய் உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். கோபிக்காதே. பெயர் ரஜிதா, ஆஸ்பத்திரியில் தாதி. வந்த பெண்களையெல்லாம் நீ தட்டிக்கழித்தாய், இவளையாவது விட்டுவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே படபடப்பு. உன் படத்தைப் பார்த்த அவள் அம்மா குணவதி, "என்னங்க, பிள்ளை தலையில ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, பாக்க ஆளில்லையா" என்று கேட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! விமானத்து ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றி, கசிவு பார்த்து, மாஸ்க்கெல்லாம் சோதிக்கிற பிள்ளை, எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ஆக்சிஜனில் தீப்பிடித்துவிடும், அதனால் வேலைக்குப் போகும்போது தொடவே மாட்டான் என்றேன். அவள் அப்பா மோகனராஜ் உடனே, "அப்ப வீடு வீடா சமையல் காஸ் தோங் மாத்துற வேலைலா" என்றார். உன் அப்பா, பாவி மனுஷன், வாய் நிறைய முறுக்கோடு ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார்!

சம்பந்தம் போச்சு என்று கைப்பையை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். "ஆண்ட்டி சொல்றது சரிதான்பா, எங்க வார்டுலயும் ஆக்சிஜன் பக்கத்துல எண்ணெய், கிரீம் எதுவும் ஆகாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பிளேன்ல காத்து குறைஞ்சா மேலேர்ந்து மாஸ்க் விழுமே, அவர் முதல்ல யாருக்கு மாட்டுவாரு, உங்களுக்கா எனக்கா" என்று கேட்டாளே பார்க்கலாம்! அவளுக்கு என்றால் என் வயிறு எரியும், எனக்கு என்றால் பெண் கிடைக்காது. "முதல்ல தனக்குத்தான்மா மாட்டிக்குவான், அதான் சட்டம். அப்புறம்தான் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு" என்றேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்ப பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன் ஆண்ட்டி" என்றாள்.

பொல்லாதவள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், படித்த கையோடு கூப்பிடு, வேலை வேலை என்று சாக்குச் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நூறாண்டு நன்றாயிருக்க வேண்டும். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா தவமணி