எழுத்தா, மடிப்பா?

ஜனவரி 7
மைனஸ் இருபத்தாறு டிகிரி. கார் கிளம்பவில்லை, பேருந்தில் வந்தேன். கனடாவில், ஷெர்ப்ரூக்கின் இந்த ஆய்வகத்தில் பதினாறு வருடமாக மற்றவர்களுக்கு ஈஸ்ட் வளர்த்துக் கொடுக்கிறேன். இன்றுதான் தலைவர் ரெழானிடம் என் சொந்தக் கேள்வி ஒன்றைக் கேட்டேன்.

குரோமோசோம் நுனிகள் தேயாமல் காப்பது டெலோமெரேஸ் என்ற நொதி. அதன் ஆர்.என்.ஏ. எழுத்துச் சரத்தில் ஒரு துண்டு கொண்டை ஊசி போல மடிந்திருக்கிறது. அங்கே இரண்டு எழுத்தை மாற்றினால் நுனிகள் தேய்ந்து ஈஸ்ட் செத்துவிடும். எழுத்து போனதாலா, மடிப்பு பிரிந்ததாலா?

"எழுத்துதான். புரதம் அதைத்தான் பிடிக்குது" என்றார் ரெழான். அவரே அச்சேற்றிய முடிவு.

"எதிர்ப்பக்க எழுத்தையும் சேர்த்து மாத்துவோமே? இணை சேர்ந்து பழையபடி மடியும். எழுத்து மட்டும் வேற. அப்பவும் செத்தா எழுத்து, பிழைச்சா மடிப்பு."

காப்பியைக் கீழே வைத்தார். "ஆறு வாரம் எடுத்துக்கோ ஒதீல். முடிவு வராட்டி இந்தப் பேச்சே வேண்டாம்."

ஜனவரி 27
மூன்று வகை: இடப்பக்கம் மட்டும் மாற்றியது, வலப்பக்கம் மட்டும் மாற்றியது, இவை ஒற்றைகள்; இரண்டும் மாற்றியது இரட்டை. முதல் தட்டில் எல்லா ஈஸ்ட் திட்டுகளும் கொழுகொழு. இதை நம்பக் கூடாது. நுனி தேய நாளாகும், தட்டு மாற்றி மாற்றி வளர்க்க வேண்டும்.

பிப்ரவரி 2
மூன்றாம் தட்டுக்கு மாற்றியாயிற்று. ஒற்றைகள் சிறுத்துவிட்டன. இரட்டையும் கொஞ்சம் சிறுத்தாற்போல... கண் மயக்கமா? பக்கத்து மேசை ஃபபியென் எட்டிப் பார்த்து, "பிள்ளைங்களுக்குச் சோறு போடலையா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரலை. பதினாறு வருஷம் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன், இப்ப எதுக்குத் திறந்தேன்?

பிப்ரவரி 3
சாப்பாட்டு நேரத்திலும் தட்டுகளையே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 8
ஐந்தாம் தட்டு. ஒற்றைகளில் ஓரிரு புள்ளி, மற்றபடி வெறுமை. இரட்டையில் தட்டு முழுக்கத் திட்டுகள் உருண்டு திரண்டு கிடக்கின்றன! அழறேனா சிரிக்கிறேனா, எனக்கே தெரியலை.

ரெழான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேர் மாத்தி ஒட்டலையே?"

"இல்ல. மறுபடி செய்றேன். பேரை மறைச்சுடுறேன், ஃபபியென் பார்த்துச் சொல்லட்டும்."

பிப்ரவரி 24
பேரை மறைத்துச் செய்தும் அதே. நுனிகளை அளந்தோம், இரட்டையில் பழைய நீளம்.

"ஆக, பத்து வருஷமா நான் தப்பாச் சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றார் ரெழான், லாட்டரி விழுந்தவர் முகத்தோடு. ஃபபியென் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். ஐம்பத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா? தேவைதான்.

மார்ச் 6
காலையிலிருந்து கட்டுரை எழுதுகிறேன். முதல் பெயர் என்னுடையது. நான் வழக்கமாகச் செய்யும் தட்டு வேலைக்கு ஆள் இல்லாததால், ஈஸ்ட் வளரும் அகர் கூழை ரெழானே காய்ச்சி ஊற்றினார். கத்துக்குட்டி வேலை போல ஓரமெல்லாம் குமிழி.