நீலம் யார் கண்ணில்

மார்ச் 4, செவ்வாய்

எண் போட்டு எழுதினால் பயம் கொஞ்சம் அடங்கும்.

1. மருமகளின் கண்ணில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் நீலம் தெரிகிறது. அது அவள் கண்ணில் இருக்கிறதா, அறுவை செய்த என் கண்ணில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.
2. அவள் கண்ணில்தான் என்றால் அவளிடமே கேட்க வேண்டும். (எப்படி?)
3. மகனிடம் சொல்லிப் பயனில்லை. சிரிப்பான்.

மாமனார் மருமகளின் முகத்தை உற்றுப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பதினாலு வருடமாக அவளை எனக்குக் குரலாகவும் காலடிச் சத்தமாகவும்தான் தெரியும். வலது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து காலையும் மாலையும் அவள்தான் சொட்டு மருந்து விடுகிறாள். "மேல பாருங்க மாமா" என்கிறாள். மேலே அவள் முகம். வேறெங்கே பார்ப்பது?

மார்ச் 5, புதன்

சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருடம் நிறம் ஒத்துப் பார்த்தவன் நான். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பக்கத்தில் ஒரு வெள்ளை. அதே முறைதான். காலை எட்டு மணி, வடக்கு ஜன்னல்.

கண்ணாடியில் என் கண்: பழைய காகித மஞ்சள். மகன் கண்: தூக்கம் போதாத சிவப்பு, அடியில் வெள்ளை. மருமகள் கண்: தண்ணீர் கலந்த பாலின் ஓரத்தில் தெரியுமே, அந்த நீலம். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு, புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு உலகமே டீத்தண்ணீர். அவள் கண் மட்டும் லேசாகப் பச்சை தட்டியது. மஞ்சளுக்கு அடியில் நீலம் இருந்தால்தான் அப்படி வரும்.

"என்ன மாமா, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு யாரைக் குறி பாக்குறீங்க?" என்று சிரித்தாள்.

முதல் கேள்வி தீர்ந்தது. தீராமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

லிப்ட் இன்னும் சரியாகவில்லை. குனியாதே, தூக்காதே, படி இறங்காதே என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நான்காவது மாடியில் இரண்டு அறைகளுக்குள் கிடக்கிறேன். போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். என் பாதுகாப்புக்காம்.

மாலையில் அவள் படியேறும் சத்தத்தை எண்ணினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்கிறாள். மூன்றாவதில் வெகுநேரம். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. களைப்புதானா? நாற்பது வயதுகூட ஆகாதவள்.

மகனிடம் சொல்லலாமா? போன வாரம் திரைச்சீலை நீலமாகத் தெரிகிறது என்று சொன்னதற்கே, "ஆபரேஷன் ஆனா அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? வானம் இடிஞ்சு விழும்னு எப்பவும் பயப்படுவீங்க. இப்ப அது நீலமா வேற விழுதா?" என்றான். வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். மகன் காய்கறி வாங்கப் போயிருந்தான். சொட்டு விழுந்து கண்ணை மூடியிருந்தேன். மூடியிருந்ததால்தான் கேட்க முடிந்தது.

"உடம்புக்கு என்னம்மா?"

மருந்துப் பாட்டிலை மூடும் சத்தம். பிறகு, "யார் சொன்னா?"

"உன் கண்ணு."

ஆறு மாதமாக ரத்தப்போக்காம். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஏழுதான் இருக்கிறதாம். கர்ப்பப்பையில் கட்டி, உடனே வந்து சேரு என்றாராம் டாக்டர். "போகத்தான் இருந்தேன் மாமா. அதுக்குள்ள..." என்று நிறுத்தினாள்.

அதுக்குள்ள என் கண். சேர்த்து வைத்த லீவு முழுவதும் என் வலது கண்ணுக்குப் போயிற்று. மிச்சம் நான்கு நாள். அதையும் பத்தொன்பதாம் தேதி இடது கண்ணுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க. பதறி ஊரைக் கூட்டிருவாரு. உங்க கண்ணு முடியட்டும், நானே சொல்றேன். என் மேல சத்தியம்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? நான் என்றைக்குத்தான் ஆட்டாமல் இருந்தேன்!

மார்ச் 10, திங்கள்

பூட்டுச் சத்தம். எட்டேமுக்கால்.

மார்ச் 13, வியாழன்

சொன்னால் சத்தியத்தை மீறியவன். சொல்லாவிட்டால்— எழுதக் கை வரவில்லை. இன்று அவள் இரண்டாவது மாடியில் உட்கார்ந்தே விட்டாள். சத்தம் நின்றுபோனது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பூட்டிய கதவு. கத்தியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? பத்து நிமிடம் கழித்து வந்து, "பக்கத்து வீட்டு அக்கா பேச்சுல புடிச்சுக்கிட்டாங்க மாமா" என்றாள்.

படியில் பேச்சுக்குரலே கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன்: "எனக்கு இடது கண்ணு ஆபரேஷன் வேணாம்."

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏன்?"

"பயமா இருக்கு."

"அப்பா! ஒரு கண்ணு பண்ணியாச்சு, வலிக்கவே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? அவ லீவு வேற போட்டுட்டா!"

"பயமா இருக்கு. போகமாட்டேன்."

கத்தினான். குழந்தை மாதிரி அடம், பயந்தாங்கொள்ளி, எல்லாம் வந்தது. நான் பயப்படுகிறேன் என்றால் இந்த வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை; அந்த வசதி ஒன்று எனக்கு இருக்கிறது. மருமகள் மட்டும் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். மகன் கை கழுவப் போனதும் மெதுவாகச் சொன்னேன்: "லீவு இருக்கும்மா. நாலு நாள்."

மார்ச் 19, புதன்

அவள் தனியாகப் போனாள். வேலைக்குப் போகிறவள் மாதிரியே, சாப்பாட்டு டப்பாவோடு. மதியம் இரண்டு மணிக்கு மகனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போயிருக்கிறது: வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் ஏற்றி, உடம்பு தேறிய பிறகுதான் அறுவை. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்கவில்லையாம்.

மாலையில் மகன் வந்து சொட்டு மருந்து விட்டான். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

"டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துட்டு, எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்குன்னு கேட்டாருப்பா. ரத்தம் ரொம்பக் குறைஞ்சா வெள்ளை விழி நீலம் தட்டுமாம். எனக்குத் தெரியல. தினம் பார்க்கிற முகம்..." என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சத்தியம் வாங்கினாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே ஐந்து நாள் இருந்ததே. "நீ சிரிப்பேன்னு நினைச்சேன்" என்றேன்.

சிரிக்கவில்லை. மருந்துப் பாட்டிலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

மார்ச் 4 பட்டியலில் மூன்றாவதாக எழுதியது தவறு. முதல் இரண்டையும் சோதித்துப் பார்த்தேன். அதை மட்டும் சோதிக்கவே இல்லை.