தேசிக்காய்த் தோல் ஊறல், மூன்று தேக்கரண்டி

மச்சாள்,

போன ஞாயிற்றுக்கிழமை என் பெறாமகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினாள். தங்கச்சியின் மூத்தவள், நீ அவளைக் காணவில்லை. பெட்டியைத் திறந்து ஆளாளுக்குச் சாமான் பங்கிட்டபோது என் கையில் ஒரு பச்சைக் குழாயைத் திணித்தாள். முகத்துக்குப் பூசுகிற கிறீம். மேலே பாதியாக வெட்டிய தேசிக்காயின் படம், பக்கத்தில் இரண்டு இலை. மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனேன். கொண்டுபோயிருக்கக் கூடாது. உன் குசினி அப்படியே வந்து நின்றது. மெழுகு உருகும் வாசம், அம்மியில் வல்லாரை, யன்னல் விளிம்பில் வரிசையாக வைத்த பழைய தைலச் சீசாக்கள், எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தேசிக்காய்த் தோல்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் ஏகப்பட்ட பெயர்கள். தேசிக்காய் கடைசி வரியில் கிடந்தது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

"அங்கை ஒரு பீப்பாய் கிறீமுக்கு ஒரு தேக்கரண்டி சந்தனச் சாறு. சந்தனமரம் முழுக்க டப்பாவுக்கு மேலைதான் நிண்டது" என்று நீ சொன்னது எண்பத்து மூன்றில். கொழும்பில் கிறீம் செய்யும் தொழிற்சாலையொன்றில், சோதனை அறையில் வேலை பார்த்தவள் நீ. ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாய். கூட வந்தவர்கள் தாலியையும் காப்பையும் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். நீ கிறீம் கலக்குகிற கண்ணாடிக் கோல் ஒன்றைக் கொண்டுவந்தாய். மாமா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ரை பிள்ளைக்கு விசர்தான்" என்றார். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அன்றைக்குப் பிறகு உடுவிலில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் இருந்த இரண்டு ஒழுங்கையும் என் கால்பட்டே தேய்ந்தன.

அந்தக் கோலுக்கு வேலை வந்தது தொண்ணூறுக்குப் பிறகு. பாதை அடைபட்டு, சவுக்காரம்கூட வராத காலம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அந்த நேரத்தில் நீ முகத்துக்குக் கிறீம் காய்ச்சத் தொடங்கினாய். செல்லடிக்குள்ளே உனக்கு வடிவு கேட்குதோ என்று எங்கள் அம்மாவே கேட்டா. நீ கோபிக்கவில்லை. "முகம் எண்டு ஒண்டு கிடக்குத்தானே மாமி. அதோடைதானே எல்லாரும் முழிக்க வேண்டிக் கிடக்கு" என்றாய்.

தேன்மெழுகும் நல்லெண்ணெயும் உருக்கி, வெந்நீரில் கரைத்த வெங்காரத்தைத் துளித்துளியாக ஊற்றிக் கோலால் கலக்குவாய். மஞ்சள் எண்ணெய் என் கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளையாகித் திரளும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. கடைசியில்தான் மரம்செடியின் முறை. வல்லாரையோ கற்றாழையோ வேப்பங்கொழுந்தோ, தட்டி எண்ணெயில் நாட்கணக்காக ஊறப்போட்டு வடித்து வைத்திருப்பாய். ஊறல் என்பாய் அதை. "மெழுகும் எண்ணெயும் வண்டில் மட்டும்தான். இழுக்கிற மாடு ஊறல்தான்" என்பாய். வெடித்த கைக்கு வல்லாரை, சொறிக்கு வேப்பங்கொழுந்து, வெயிலில் காய்ந்த தோலுக்குக் கற்றாழை. ஒழுங்கைப் பெண்கள் வெறும் சீசாவோடு வந்து, இரண்டு முட்டையையோ ஒரு தேங்காயையோ வைத்துவிட்டு நிரப்பிக்கொண்டு போவார்கள்.

ஒன்றையும் சோதிக்காமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை நீ. இடது முழங்கையின் உட்பக்கம் நீலப் பேனையால் கட்டங்கள் கீறி, நம்பர் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுப் பூசி இரண்டு நாள் பார்ப்பாய். கோயிலிலும் அந்தக் கட்டங்களோடுதான் நிற்பாய். "என்னடி, கையிலை பஞ்சாங்கமோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். "உட்பக்கத் தோல்தான் மெல்லிசு. முதல் கோள் சொல்லுறது அதுதான்" என்பாய்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சில மாதம் சண்டை நின்றது. அப்போதுதான் எனக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. முப்பத்திரண்டு வயதில், அதுவும் கனடாவிலிருந்து. மாப்பிள்ளையின் சித்தப்பா வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறார், அதற்குள் பெண்ணின் படம் வேண்டும் என்று ஆள் வந்து சொன்னது. எனக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் படிப்பிக்கிற ரியூசன் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுமத்தியானத்தில் சைக்கிள் ஓடிய முகம். ஓடி வந்து உன் குசினியில் குந்தினேன்.

"என்னை வெள்ளையாக்கி விடு மச்சாள்."

"நான் கிறீம்தான் காய்ச்சிறன். வெள்ளையடிக்கிறேல்லை" என்றாய்.

நான் அழுதேன். நீ இளகினாய். தேசிக்காய்த் தோலைத் தட்டி ஊறப்போட்ட சீசா ஒன்று உன் சுவர்த் தட்டில் இருந்தது. தோலுக்குத் தெளிவு கொடுக்கும், ஆனால் கடுமையான சாமான் என்று சொல்லி, என் பங்குக் கிறீமில் பத்துத் துளி எண்ணி விட்டாய். இரண்டு நாள் உன் கையில் பூசிப் பார்த்தாய், ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை பின்னேரம் அதை எனக்காக மறுபடி இளஞ்சூடாக்கிச் சட்டியில் வைத்துவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனாய்.

மச்சாள், இனி நான் சொல்லப்போவது உனக்கு ஒருநாளும் சொல்லாதது.

பீப்பாய்க்கு ஒரு தேக்கரண்டி என்று அந்தத் தொழிற்சாலையை நீதானே இவ்வளவு காலமும் நையாண்டி பண்ணினாய். பத்துத் துளி எந்த மூலைக்கு என்று எனக்குத் தோன்றியது. சீசாவைத் திறந்தேன். மூன்று தேக்கரண்டி ஊற்றினேன். உன் கண்ணாடிக் கோலாலேயே கலக்கினேன். நீ உள்ளே வந்து மூக்கைச் சுளித்தாய்.

"வாசம் தூக்கலாய்க் கிடக்கு."

"அது உன்ரை கைவாசமடி" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் அப்பிக்கொண்டு ரியூசனுக்குப் போனேன். மத்தியானம் நெருப்பு வெயிலில் சைக்கிளில் வந்தேன். வெள்ளி விடிய முகம் எரிந்து சிவந்து, நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் கொப்புளம். என் விரல் இழுத்த இழுப்பெல்லாம் முகத்தில் அப்படியே கோடு கோடாகக் கிடந்தது. சித்தப்பா படம் இல்லாமலே போனார். கொப்புளம் வற்றிய இடமெல்லாம் மண்ணிறத் தழும்பானது. பிறகு அந்தச் சம்பந்தம் வேறு வீட்டு வாசல் படலைக்குப் போய்விட்டது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று உனக்குத் தெரியும். அன்று நீ பதறிக்கொண்டு வந்தபோது ஒழுங்கை கேட்கக் கத்தினேன். "நீதானடி என்ரை முகத்தை எரிச்சனி." சொல்லும்போதே தெரியும், அது பொய் என்று. ஆனால் அழுகிற முகத்துக்குப் பின்னால் பொய் நன்றாக ஒளிந்துகொள்ளும். நீ உன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

அந்த ஒரு சொல் போதும். ஒழுங்கைப் பெண்கள் சீசாவைத் தூக்கிக்கொண்டு வருவது நின்றது. "அவளின்ரை சாமான் வேண்டாமப்பா, முகத்தை அவிச்சுப்போடும்" என்று கிணற்றடியில் கதைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளினேன். வருசக்கணக்காக நீ கையில் கட்டம் கீறிச் சேர்த்த பெயர் அது. ஒரு கிழமையில் போனது.

இரண்டு கிழமை கழித்து எங்கள் படலையில் வந்து நின்றாய். மூன்று தரம் கூப்பிட்டாய். "மச்சாள், ஒருக்கால் வெளியிலை வா. ஒரு கதை சொல்லிப்போட்டுப் போறன்." நான் உள்ளே தலை இழுத்துக்கொண்டு இருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய் என்ற பயம். நீ போனபிறகு பார்த்தால் படலையில் மாமாவின் கறுப்புக் குடை தொங்கியது. என் முகத்தை மூடிக்கொண்டு திரியச் சொல்லிக் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அம்மாதான் அதை எடுத்து உள்ளே வைத்தா. நான் வீம்புக்கு வெறுந்தலையோடு வெயிலில் சைக்கிள் ஓடினேன். தழும்பு இன்னும் கறுத்தது.

ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழையில் அம்மா பிடித்துக்கொண்டு வந்தது அந்தக் குடையைத்தான். கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டோம். சில நாள் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், பொதுக்கிணற்றில் வாளியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். நீ. மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய.

ஆறு மாதக் கோபத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. "சாப்பிட்டியேடி?" என்றாய். "ஓம்" என்றேன். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாளியை வாங்க நீ கையை நீட்டியபோதுதான் கண்டேன். இந்த முறை கட்டங்கள் வெளிப்பக்கத்தில். பேனை மை அநேகமாய் அழிந்திருந்தது. நாலு இடத்தில் ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடம் மட்டும் முத்திரை அளவில் கறுத்துக் கிடந்தது.

"உது என்ன மச்சாள்?"

"வெயில்" என்றாய். "உட்பக்கம் பூசினால் வெயில் படாதெல்லே. அதுதான் எனக்குப் பிடிபடேல்லை. கொழும்பிலை எல்லாம் கூரைக்குக் கீழைதானே சோதிச்சனாங்கள். ஊரிலையிருந்து வெளிக்கிட முந்தித் திரும்பவும் வெளிப்பக்கம் பூசிக்கொண்டு மத்தியானம் முத்தத்திலை நிண்டன். தேசிக்காய்த் தோலும் வெயிலும் சேர்ந்தால்தான் எரிக்குது." கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினாய். "இது பத்துத் துளி. இருபது. முப்பது. இது ஒரு தேக்கரண்டி. இதுவரைக்கும் ஒண்டும் செய்யேல்லை."

"அந்தக் கறுப்பு?"

"மூண்டு தேக்கரண்டி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். கையை நீட்டியபடியே நின்றாய். பின்னால் நின்ற மனிசி வரிசையைத் தள்ளினா. நான் குனிந்து வாளியைப் பார்த்தேன். பிறகு மெல்லச் சொன்னாய். "உன்ரை தழும்பு மாறுமடி. வெயில் படாமல் வைச்சிருந்தால் மாறும். அதைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான். குடையை எடுத்தனியே?"

"அம்மா எடுத்தவ."

"காணும், அது போதும்" என்றாய்.

அடுத்த கிழமை மாமாவோடு நீ கிளாலிப் பக்கமாக வன்னிக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். என் தழும்பும், நீ சொன்னபடியே, நிழலில் இருந்து இருந்து ஒருநாள் காணாமல் போனது. அதைக் காட்ட உன்னைத் தேடினேன். வன்னியில் உனக்கு மலேரியா, மருந்து கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டாய் என்ற சேதிதான் வந்தது. தெளிந்த முகத்தோடு கண்ணாடிக்கு முன்னால் இருந்து அழுதேன். எனக்கு அந்த முகம் வேண்டியிருக்கவில்லை மச்சாள், நீதான் வேண்டியிருந்தாய். இப்போதும் தேன்மெழுகு வாசம் எங்கேனும் வந்தால் உன் ஒழுங்கைப் பக்கம் கால் போகிறது. அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். எனக்குக் கலியாணமும் நடக்கவில்லை. அதற்கு முகம் காரணமில்லை, என் வாய்தான் என்று நீ சொல்லியிருப்பாய்.

பெறாமகளின் கிறீமை நான் உடனே பூசவில்லை. கையின் வெளிப்பக்கத்தில் பேனையால் ஒரு கட்டம் கீறி, பொட்டு வைத்து, முற்றத்தில் வெயிலில் இருந்தேன். அவள் பார்த்துச் சிரித்தாள். இன்றைக்கு மூன்றாம் நாள். கட்டம் கறுக்கவில்லை. "பூசலாம் பிள்ளை. ஆனால் வெளியிலை போகேக்கை குடையைக் கொண்டுபோ" என்றேன்.

"ஆர் பெரியம்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

சொன்னேன். கண்ணாடிக் கோலில் தொடங்கிக் கொடிகாமத்துக் கிணறு வரைக்கும் சொன்னேன். மூன்று தேக்கரண்டியையும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தரம்.

"அவவுக்கு அப்ப தெரிஞ்சிருக்கு."

"ஓம்."

"பிறகேன் உங்களை ஒண்டும் கேக்கேல்லை?"

"நானாய்ச் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவள்" என்றேன்.

நான்தான் ஊற்றினேன், மச்சாள்.